தேர்ச்சி விகிதம் 96. ஃபர்ஸ்ட் குரூப்பில் இருப்பது யார் வீட்டுப் பிள்ளை?

கேள்வி கேட்டவர் ஒரு தாய். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் மகள் 9ஆம் வகுப்புப் படிக்கிறாள். இவர் பள்ளி மேலாண்மைக் குழுவில் புதிதாக உறுப்பினர் ஆகியிருக்கிறார். பள்ளி வாசலில் தேர்ச்சி விகிதத்தைப் போட்டு பேனர் கட்டியிருக்கிறார்கள். ஆனால் ரப்பர் எஸ்டேட் பிள்ளைகளும், மலையிலிருந்து வரும் காணிப் பழங்குடிப் பிள்ளைகளும், கடற்கரையிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளும் பிளஸ் ஒன்னில் ஏறக்குறைய ஒரே குரூப்பில்தான் இருக்கிறார்கள். பிளஸ் டூ முடித்ததும் அவர்களில் பலர் எங்கே போனார்கள் என்றே தெரிவதில்லை. "கல்வியில் முன்னணி மாவட்டம் என்கிறோம், இது எப்படி நடக்கிறது? குழுவில் உட்கார்ந்து நான் என்ன கேட்கணும்?" என்கிறார்.

அரசுப் பள்ளிகளில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலை பார்த்ததெல்லாம் கல்குளம், விளவங்கோடு பக்கம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

பேனர் பொய் சொல்லவில்லை. 2025 பொதுத்தேர்வில் பத்தாம் வகுப்பில் நம் மாவட்டம் 96.66 சதவீதம், மாநிலத்தில் 4ஆம் இடம். பிளஸ் டூவில் 97.01 சதவீதம், 5ஆம் இடம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அப்போது மாநிலச் சராசரி 80.09. இந்தப் பெருமைக்குப் பின்னால் 200 வருட உழைப்பு இருக்கிறது. ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தார். 1817-இல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ஆணையிட்டார். 1818-இல் நாகர்கோவிலில் மீட் பாதிரியார் பள்ளி நடத்தினார், அதுதான் வளர்ந்து ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. தோளில் சேலை போட உரிமை கேட்டுப் போராடிய சனங்கள் அதே மூச்சில் பிள்ளையைப் பள்ளிக்கும் அனுப்பினார்கள்.

ஆனால் இந்தப் பள்ளிகள் முதலில் வேர்பிடித்தது ஊருக்குள்ளும் ரோட்டோரத்திலும். கடற்கரைக்கும் மலைக்கும் படிப்பு அதே வேகத்தில் போய்ச் சேரவில்லை. மாவட்டச் சராசரி என்பது இந்த எல்லாரையும் ஒன்றாகக் கலந்து வருகிற எண். அதனால்தான் பேனரைப் பார்க்கும்போது பெருமையாக இருக்கிறது, பிளஸ் ஒன் வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தால் மனசு வலிக்கிறது. என் அனுபவத்தில் ஒரு பிள்ளையின் வழி பத்தாம் வகுப்புப் பாஸ் ஃபெயிலில் திரும்புவதில்லை. எந்த குரூப்பில் இடம் கிடைக்கிறது என்பதில் திரும்புகிறது. அந்த குரூப்பைத் தீர்மானிப்பது மே மாத ரிசல்ட் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது முந்தைய செப்டம்பரிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

செப்டம்பர் என்று ஏன் சொல்கிறேன்? காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுக்காதவர்களின் பட்டியல் தயாராகும். 'மெல்லக் கற்போர்' என்று தலைப்பு. அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு, பாஸாகத் தேவையானதை மட்டும் தொகுத்த 'மினிமம் மெட்டீரியல்' கொடுப்போம். என் பாடத்தையே உதாரணமாகச் சொல்கிறேன். பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினா 14. கடைசிப் பகுதியில் 8 மதிப்பெண் வீதம் இரண்டு வினா: ஒன்று செய்முறை வடிவியல், மற்றது வரைபடம். ஸ்கேல், காம்பஸ் வைத்து வடிவொத்த முக்கோணமும் தொடுகோடும் வரைவதையும், வரைபடம் போடுவதையும் திரும்பத் திரும்பப் பழக்கினால் எந்தப் பிள்ளைக்கும் கை வந்துவிடும், 16 மதிப்பெண் அங்கேயே நிச்சயம். புத்தகத்தில் பாடத்தின் கடைசியில் இருக்கும் ஒரு மார்க் கேள்விகளை மனப்பாடம் செய்தால் இன்னொரு 9, 10. உறவுகளும் சார்புகளும் பாடத்தில் ஒரு ஐந்து மார்க், புள்ளியியலில் ஒரு ஐந்து மார்க். 35 வந்துவிட்டது. பள்ளிக்கு ஒரு தேர்ச்சி கூடிவிட்டது.

இப்போது அந்தப் பிள்ளை எதைத் தொடவே இல்லை என்று பாருங்கள். இயற்கணிதம் தொடவில்லை. முக்கோணவியல் தொடவில்லை. ஆயத்தொலை வடிவியல் தொடவில்லை. பிளஸ் ஒன் கணிதமும் இயற்பியலும் நிற்பதே இந்த மூன்றின் மேல்தான். அந்தப் பிள்ளையை ஃபர்ஸ்ட் குரூப்பில் உட்காரவைத்தாலும் ஜூலை மாதத்துக்குள் திணறிவிடும். "சாரே, எனக்கு ஹிஸ்டரி குரூப்பு போதும்" என்று தானாகவே வந்து நிற்கும். பிள்ளையின் விருப்பம் என்று நாம் எழுதிக்கொள்வோம்.

மினிமம் மெட்டீரியலை நான் எதிர்க்கவில்லை. ஜனவரி மாதம், பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, தோற்றுவிடுவான் என்று பயப்படுகிற பையனுக்கு அது ஒரு உயிர்க்கயிறு. பத்தாம் வகுப்புத் தோல்வி ஒரு பையனை நேராகக் கொத்தனார் வேலைக்கோ கடலுக்கோ கொண்டுபோய் விடும் மாவட்டம் இது. 35 என்பது அவனுக்கு ஐ.டி.ஐ.யின் வாசல், பாலிடெக்னிக்கின் வாசல். என் ஆட்சேபணை அதைச் செப்டம்பரிலேயே கையில் கொடுப்பதில்தான். செப்டம்பரில் கொடுத்தால், 'உனக்கு இவ்வளவுதான்' என்று சொல்லி மீதிப் பாடத்தை அவனிடமிருந்து ஆறு மாதம் எடுத்துவிடுகிறோம். அந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தப் பிள்ளை எந்த ஊரிலிருந்து வருகிறது என்று எழுதிப் பாருங்கள். மணலோடை, சிற்றாறு ரப்பர் எஸ்டேட்டுகள், பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிக் குடியிருப்புகள் என்று வரிசையாக வரும். புத்தி ஊர் பார்த்துப் பிறப்பதில்லை. அப்படியானால் இடையில் வேறு ஏதோ நடக்கிறது.

நடப்பதில் பாதி நேரம் சம்பந்தப்பட்டது. ரப்பர் மரத்தில் பால்வெட்டு விடியலுக்கு முன்னாலேயே தொடங்கிவிடும். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். அப்பாவும் அம்மாவும் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போகிறார்கள். மூத்த பிள்ளை ஒன்று முன்னே போய் ஒட்டுப்பாலை இழுத்தெடுத்துச் சிரட்டையைத் துடைத்து வைக்கிறது, அல்லது வீட்டில் இருந்து சோறு வடித்துத் தம்பி தங்கையைக் கிளப்புகிறது. அது பள்ளிக்கு வந்து சேரும்போது முதல் பீரியட் பாதி முடிந்திருக்கும். பெரும்பாலான பள்ளிகளில் முதல் பீரியட் கணக்கு. 'காலையில்தான் மூளை ஃப்ரெஷ்ஷாக இருக்கும்' என்பது நம் நம்பிக்கை. வருடம் முழுக்கக் கணக்கின் தொடக்கத்தைத் தவறவிட்ட பிள்ளை காலாண்டில் 20 எடுக்கிறது. நாம் அதற்கு 'மெல்லக் கற்போர்' என்று பெயர் வைக்கிறோம்.

இதற்கு அரசாணை எதுவும் வேண்டாம். 9, 10 வகுப்புகளுக்குக் கணக்கை மூன்றாம் பீரியடுக்கு மாற்றுங்கள். தலைமையாசிரியரும் டைம்டேபிள் போடும் ஆசிரியரும் ஒரு மாலை உட்கார்ந்தால் முடிந்துவிடும். எஸ்டேட் பிள்ளைகள் அதிகம் இருந்த ஒரு பள்ளியில் இதைச் செய்து பார்த்தோம். பின்பெஞ்சில் பேசாமல் இருந்த பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வேறு எந்தப் பயிற்சித் திட்டமும் இவ்வளவு சீக்கிரம் பலன் தந்து நான் பார்த்ததில்லை.

மாலை நேரமும் அதே கதைதான். பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் பள்ளி விட்ட பிறகு நடக்கிறது. பள்ளிக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் இருப்பார்கள், பைக்கில் அப்பா வந்து கூட்டிப்போவார். பேச்சிப்பாறை அணைக்கு அந்தப் பக்கம் தச்சமலை, தோட்டமலை மாதிரியான குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பஸ் இறங்கிய பிறகு படகும் பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் இருட்டிய பிறகு அந்தப் பாதையில் யாரும் பெண்பிள்ளையை விடமாட்டார்கள். ஆக ஸ்பெஷல் கிளாஸ் யாருக்குத் தேவையோ அவர்கள் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள், அவ்வளவாகத் தேவையில்லாதவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் 'ஸ்பெஷல் கிளாஸுக்கு வருவதில்லை' என்று ஒரு குறிப்பும் ஏறிவிடும். மதிய இடைவேளையில் அரை மணி நேரமும், பள்ளி நேரத்துக்குள்ளேயே ஒரு பீரியடும் ஒதுக்கினால் போதும். மாலை வகுப்புதான் வேண்டும் என்றால், அதற்கு முன் பஸ் நேரத்தைப் போக்குவரத்துக் கழக டெப்போவில் எழுதிக் கொடுத்து மாற்றக் கேளுங்கள். மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு போகிற மனுவுக்கு ஒரு மரியாதை உண்டு.

கடற்கரைப் பிள்ளைகளின் கணக்கு வேறு. நம் மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த 61 நாளும் விசைப்படகு கடலுக்குப் போகாது. தென்மேற்குப் பருவக்காற்றில் வள்ளக்காரர்களுக்கும் பல நாள் தொழில் இல்லை. பள்ளி திறப்பதும் அதே ஜூன். நோட்டு, யூனிபார்ம் தையல்கூலி, ஹாஸ்டல் முன்பணம் என்று எல்லாச் செலவும் கையில் காசே இல்லாத மாதத்தில் வந்து விழுகிறது. கடலரிப்பு அதிகமான வருடங்களில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்துவிடும். ஆகஸ்ட் பிறந்து படகுகள் போன பிறகுதான் வீடு மூச்சுவிடும். அதனால் ஜூனில் வராத பிள்ளையைப் 'படிப்பில் அக்கறை இல்லாத வீடு' என்று முடிவு கட்டக் கூடாது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து அப்பாக்கள் தங்குகடல் போனால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வீட்டில் இல்லை. பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாதான் வருவார். அவரும் மீன் விற்கப் போகிறவர் என்றால் காலை 10 மணிக்கு வைக்கிற கூட்டத்துக்கு எப்படி வருவார்? கல்குளம், விளவங்கோடு பக்கம் முந்திரி ஆலைக்குப் போகிற அம்மாக்களுக்கும் இதே பிரச்சினை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் உங்கள் கூட்டத்துக்கு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வைத்துப் பாருங்கள், எத்தனை முகங்களை முதல்முறையாகப் பார்க்கிறீர்கள் என்று தெரியும்.

2017 நவம்பர் 30-இல் ஓகி புயல் அடித்தபோது அந்தக் கடற்கரை ஊர்களில் அப்பாவை இழந்த பிள்ளைகள் அடுத்த மாதமே அரையாண்டுத் தேர்வை எதிர்கொண்டார்கள். அண்ணன்கள் படிப்பை விட்டுவிட்டுக் குடும்பத்தைத் தூக்கினார்கள். ஒரு தலைமுறையின் மதிப்பெண் பட்டியலில் அந்தக் காயம் இருக்கிறது.

இனி நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயம். இதைப் பல பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அந்தச் சலுகைக்கு 6ஆம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. மற்ற மாவட்டங்களில் இது ஒரு சின்ன நுணுக்கம். நம் மாவட்டத்தில் இது பெரிய வேலி. கடற்கரையில் பங்குக் கோயிலை ஒட்டி இருப்பதும், ஊருக்குள் மிஷன் காலத்திலிருந்து நடப்பதும் பெரும்பாலும் உதவி பெறும் பள்ளிகள். மீனவர் வீட்டுப் பிள்ளை, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை எட்டாம் வகுப்பு வரை வீட்டுப் பக்கத்தில் அங்கே படித்துவிட்டு 9ஆம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வரும். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்து நீட்டும் எழுதிய பிறகுதான் 'உனக்கு 7.5 இல்லை' என்று தெரியவரும். கவுன்சலிங் நேரத்தில் அந்த வீட்டில் நடக்கும் அழுகையை நான் பார்த்திருக்கிறேன்.

அதே ஏழைப் பிள்ளைதான், அதே ஊர்தான். பள்ளியின் நிர்வாகம் யார் என்பதை வைத்து ஒரு வாசல் மூடுகிறது. இது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. குடும்ப வருமானத்தை வைத்தாவது உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழிப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். புதுமைப்பெண் திட்டத்தில் அந்தத் திருத்தம் நடந்தது. 2022-இல் தொடங்கியபோது அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மட்டும் என்று இருந்த மாதம் 1000 ரூபாய், 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் வந்துவிட்டது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கும்போதே அவர்களையும் சேர்த்துக்கொண்டது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் 5ஆம் வகுப்புப் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது உங்கள் குழுவிலிருந்து ஒருவர் போய் இந்த 6ஆம் வகுப்பு விதியைச் சொல்லிவிட்டு வாருங்கள். எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது அவர்கள் முடிவு. தெரிந்து முடிவெடுக்கட்டும்.

வழி, அதாவது மீடியம், இன்னொரு சிக்கல். 2012-13க்குப் பிறகு அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் வேகமாகப் பெருகின. எல்லாப் பெற்றோரும், கூலிக்காரரும், அதைத்தான் கேட்கிறார்கள். குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வகுப்பில் நடப்பதைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் தமிழில் விளக்குவார், பிள்ளை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்யும். கேள்வியை ஒரு வார்த்தை மாற்றிக் கேட்டால் கை நின்றுவிடும். வீட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிற பிள்ளை தப்பித்துக்கொள்ளும். பால்வெட்டுக்காரர் வீட்டில் யார் இருக்கிறார்? தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு என்பதும் அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. என் கருத்து இது: 9ஆம் வகுப்பில் ஆங்கிலவழியில் திணறும் பிள்ளையைத் தமிழ்வழிக்கு மாற்றுவதை அவமானமாக நினைக்க வேண்டாம். ஆங்கிலப் பாடத்தைத் தனியாக உறுதியாகச் சொல்லிக்கொடுங்கள், அறிவியலைத் தாய்மொழியில் புரிந்து படிக்கட்டும்.

தாய்மொழி என்று சொன்னதும் விளவங்கோடு பக்கத்து மலையாளம் பேசும் வீடுகள் நினைவுக்கு வருகின்றன. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண். வீட்டில் மலையாளம் பேசி, மலையாளவழியில் படிக்கிற பிள்ளைகள் இன்றும் உண்டு. 2006-இன் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பில் தமிழ் முதல்தாள் கட்டாயமானது 2015-16-இல். மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் போய் அவ்வப்போது விலக்குப் பெற்றார்கள். விலக்கு கேட்பது ஒருபக்கம் இருக்கட்டும். ஒரு பிள்ளை உங்கள் பள்ளிக்குள் வந்துவிட்டால் அதற்குத் தமிழை ஆறாம் வகுப்பிலேயே அ, ஆவிலிருந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியர் வேண்டும். ஹோட்டலிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இப்போது அதே பெஞ்சுக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் அந்த ஆசிரியரே போதும்.

காணிப் பிள்ளைகளுக்கு இனச்சான்றிதழ்தான் உயிர்நாடி. மாநிலத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கீடு 1 சதவீதம். போட்டியிட ஆள் குறைவு என்பதால் ஓரளவு நல்ல மதிப்பெண் எடுத்தாலே பெரிய கல்லூரியில் இடம் கிடைக்கக்கூடும். ஆனால் சான்றிதழ் விசாரணை இழுக்கும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு விண்ணப்பித்தால் அந்த வருடம் போய்விடும். 9ஆம் வகுப்பிலேயே எத்தனை பேரிடம் சான்றிதழ் இருக்கிறது என்று கணக்கெடுத்து, இல்லாதவர்களுக்குப் பள்ளியே விண்ணப்பம் போட்டுக்கொடுக்க வேண்டும். ஆதிதிராவிடக் கிறிஸ்தவக் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் நிறைய. அவர்கள் ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவதால் உதவித்தொகையும் கிடையாது என்றே நினைத்துக்கொள்கிறார்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் அவர்களுக்கும் மாநில அரசு வழி வைத்திருக்கிறது. இதையும் சொல்ல வேண்டும்.

எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வையும் விட்டுவிடாதீர்கள். தேர்ச்சி பெற்றால் 9 முதல் 12 வரை மாதம் 1000 ரூபாய், நான்கு வருடத்தில் 48,000. குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் போதும். உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம். ஜூன் மாதத்தில் கை வறண்டு நிற்கும் மீனவர் வீட்டுக்கு இந்தப் பணம் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தி வைக்கும் பணம். வழக்கமாக 'நல்லாப் படிக்கிற' பத்துப் பேரை மட்டும் பயிற்சிக்கு எடுப்பார்கள். எட்டாம் வகுப்பு முழுவதையும் உட்கார வையுங்கள். மனத்திறன் தாளில் புத்தகப் பாடம் வராது. வகுப்பில் பின்னால் இருக்கிற பிள்ளை அதில் முன்னால் வருவது சாதாரணமாக நடப்பதுதான்.

பையன்கள் பின்தங்குவது தனிக் கவலை. 2025 பத்தாம் வகுப்பில் மாநில அளவில் பெண்கள் 95.88 சதவீதம், ஆண்கள் 91.74. கடலோ கொத்துவேலையோ வளைகுடாவோ, பையனுக்குப் படிக்காமலும் சம்பாதிக்க ஒரு வழி கண்ணுக்குத் தெரிகிறது. பெண்ணுக்குத் தெரிகிற ஒரே வழி படிப்பு. இதற்கு என்னிடம் சுருக்கமான மருந்து இல்லை. படகில் எஞ்சின் பார்க்கத் தெரிந்த பையனுக்குப் பாலிடெக்னிக் மெக்கானிக்கல் என்று ஒன்று இருப்பதை 9ஆம் வகுப்பில் கண்ணால் காட்டினால் சிலர் நிற்கிறார்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஆசிரியர் அறைப் பேச்சும் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது. 'அது கடற்கரை, அப்படித்தான்', 'எஸ்டேட் பிள்ளைங்க, பாஸாக்கினா போதும்' என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, பழக்கம். ஆனால் பிள்ளைக்கு அது காதில் விழும். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறையச் சரிசமமாகவும், முஸ்லிம்கள் பல ஊர்களிலும் வாழும் மாவட்டம் இது. 1982 மண்டைக்காடு கலவரத்தின் கசப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. அவரவர் சமூகத்துப் பள்ளி அவரவருக்கு இருக்கும் இடத்தில், எல்லார் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடமாக அரசுப் பள்ளி இருக்கிறது. அந்த பெஞ்சுக்குள்ளேயே ஊர் பார்த்துப் பிரித்துவிட்டால் பிறகு எங்கேதான் சேர்ந்து உட்காருவார்கள்? தென் மாவட்டங்களுக்கு மாறுதல் கேட்டு ஆசிரியர்கள் காத்திருக்கிறார்கள். அதனால் வட மாவட்டங்களைப் போல 'ஆசிரியரே இல்லை' என்ற காரணத்தை நாம் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. அனுபவமுள்ள ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் மரியாதையோடு, ஆனால் தயங்காமல் கேளுங்கள்.

என்ன கேட்பது? மூன்று காகிதங்களைக் கேளுங்கள். சென்ற வருடம் பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் 35 முதல் 45 வரை எடுத்தவர்கள் எத்தனை பேர், எந்த ஊர்ப் பிள்ளைகள் என்ற பட்டியல். இப்போதைய பிளஸ் ஒன் ஒவ்வொரு குரூப்பிலும் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல். இரண்டு வருடத்துக்கு முன் பிளஸ் டூ முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல். மூன்றாவது பட்டியல் பள்ளியில் முழுதாக இருக்காது. அரசின் 'நான் முதல்வன்' திட்டம் வந்த பிறகு உயர்கல்வியில் சேராதவர்களைத் தொடர்பு கொள்ளும் பழக்கம் வந்திருப்பதால் ஓரளவு கிடைக்கும், மீதியை நீங்களே ஊர் ஊராகக் கேட்டு நிரப்பலாம். பெயர்களைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம், பிள்ளைகள் கூச்சப்படும். எண்ணிக்கை போதும்.

இன்னொரு விதியும் உங்கள் கையில் இருக்கிறது. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் ஒன் சேர்க்கையை ஒவ்வொரு குரூப்பிலும் 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி நடத்த வேண்டும்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் 20, ஆதிதிராவிடர் 18, பழங்குடியினர் 1. பல இடங்களில் 'வந்தவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்துவிட்டோம், பிறகு எதற்கு ரோஸ்டர் (இடஒதுக்கீட்டு வரிசை)?' என்பார்கள். கொடுத்தது எந்த குரூப்பில் என்பதுதான் கேள்வி. தேர்வுப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். ஃபர்ஸ்ட் குரூப்பில் 40 இடம் இருந்து ஒரு காணிப் பிள்ளை கேட்டால், மதிப்பெண் குறைவு என்று திருப்பி அனுப்பாமல் சேர்த்துக்கொண்டு, மே கடைசியிலும் ஜூனிலும் இயற்கணிதமும் முக்கோணவியலும் சொல்லிக்கொடுக்கும் இணைப்பு வகுப்பு ஒன்று வையுங்கள். மூன்று வாரம் ஒழுங்காக நடத்தினால் பெரும்பாலான பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள் என்பதை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்கள் நம் மாவட்டத்தில் ஊருக்கு நாலு பேர் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம்.

உங்கள் மகள் இப்போது 9ஆம் வகுப்பு என்கிறீர்கள். அவளுடைய வகுப்புக்கு டைம்டேபிள் மாற்றத்தை இந்த வருடமே கேட்கலாம். காலாண்டு முடிந்த மறுவாரம் 'மெல்லக் கற்போர்' பட்டியல் போடும்போது, ஜனவரிக்கு முன் யாருக்கும் மினிமம் மெட்டீரியல் கொடுப்பதில்லை என்று குழுவில் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிளஸ் ஒன் சேர்க்கை பற்றிய தீர்மானத்தை ஏப்ரல் கூட்டத்துக்குள் முடித்துவிடுங்கள். மே மாதம் ரிசல்ட் வந்தவுடன் சேர்க்கை தொடங்கிவிடும், அதற்குப் பிறகு பேசினால் அந்த வருடத்துப் பிள்ளைகளுக்குப் பலன் இல்லை.